மங்கிய எழுத்து, தொலைந்த தகடு: பழைய ஆடியோ வாசகர் கேள்வி பதில்

ரேடியோ, ரெக்கார்டு பிளேயர், ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றையும் உள்ளே சரிசெய்து பாட வைத்துவிட்டவர்கள் அடுத்துக் கேட்பது ஒன்றுதான்: வெளியே அழிந்துபோன எழுத்தை என்ன செய்வது? சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் இதே விஷயமாகக் கடிதங்கள் சேர்ந்துவிட்டதால் இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே.

கேள்வி: மாமனார் காலத்து மர்ஃபி ரேடியோ இப்போதும் பாடுகிறது. டயல் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்ததில் ஸ்டேஷன் பெயர்கள் பாதி துணியோடு வந்துவிட்டன. உள்ளே ஒட்டியிருந்த காகிதப் படத்தையும் பூச்சி அரித்துவிட்டது. இரண்டையும் புதிதாக அச்சடிக்க முடியுமா? காகிதத்தைக் காபி டிகாக்‌ஷனில் நனைத்தால் பழசு மாதிரி ஆகும் என்று மகன் சொல்கிறான்.
— தோட்டத்து வீட்டு வாசகி, ஏற்காடு

பதில்: அம்மா, முதலில் அந்தத் துணியைத் தூரப் போடுங்கள். அந்தக் கால டயல்களில் எழுத்து பெரும்பாலும் கண்ணாடியின் பின்பக்கம் இருக்கும், சூளையில் சுட்டுப் பதித்ததாக இருக்காது, வெறும் பெயின்ட். ஐம்பது அறுபது வருடத்தில், அதுவும் ஏற்காட்டு மூடுபனி ஈரத்தில், பெயின்ட் கண்ணாடியை விட்டுக் கழன்று பேருக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் பட்டாலே வந்துவிடும், கண்ணாடி துடைக்கிற நீல ஸ்ப்ரே பட்டால் கேட்கவே வேண்டாம். மிச்சமிருக்கிற பாதியைக் காப்பாற்றுவதுதான் இப்போதைய வேலை. இனி முன்பக்கத்தை மட்டும் துடையுங்கள், பின்பக்கத் தூசியை ஓவியம் தீட்டும் மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும். க்ளியர் ஸ்ப்ரே அடித்தால் பெயின்ட் கெட்டியாக நிற்கும் என்று யாராவது சொல்வார்கள். அந்த ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் சில பழைய பெயின்டுகளைச் சுருட்டி எடுத்துவிடும், ஒரு ஓரத்தில் துளி வைத்துப் பார்க்காமல் அந்த வேலைக்குப் போக வேண்டாம்.

போன எழுத்துகள் முழுசாகப் போயிருக்காது என்பதுதான் நல்ல செய்தி. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் கறுப்புக் காகிதம் வைத்து, டார்ச்சைக் கண்ணாடியோடு கிட்டத்தட்டப் படுக்கவைத்து ஒளி அடித்துப் பாருங்கள். பல வருடம் பெயின்ட் மூடியிருந்த இடமும் வெறுமனே காற்றுபட்ட இடமும் வேறு வேறு மாதிரி மின்னும், எழுத்தின் தடம் மெதுவாகத் தெரியும். அதன்மேல் பட்டர் பேப்பர் வைத்துக் கூர்மையான பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். முன்பக்கம் வைத்தே வரையலாம், பெயின்டைத் தொடத் தேவையில்லை.

அப்புறம் கண்ணாடியை ஸ்கேனரில் 600 டிபிஐ-யில், பக்கத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேலும் வைத்து ஸ்கேன் செய்யுங்கள். மொபைலில் எடுத்த போட்டோ போதாது, ஓரங்கள் வளைந்துவிடும். கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்யும் கடையில் இதை வைத்து வரைந்து கொடுப்பார்கள். இல்லையென்றால் மகனையே இங்க்ஸ்கேப் மென்பொருளில் வரையச் சொல்லுங்கள், காசில்லாமல் கிடைக்கிறது. அச்சுக்குக் கொடுக்கும்போது அளவு நூற்றுக்கு நூறு என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். காகிதத்துக்குள் அடங்குவதற்காக பிரிண்டர் தானாக இரண்டு சதவீதம் சுருக்கிவிட்டால் 20 சென்டிமீட்டர் டயலில் கடைசியில் 4 மில்லிமீட்டர் தள்ளிப்போகும், முள் ஓர் ஊரில் நிற்கும், பாட்டு இன்னோர் ஊரிலிருந்து வரும். சரிபார்க்க வழி இருக்கிறது: 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ் (அதாவது 0.936 மெகாஹெர்ட்ஸ்) என்பது 320 மீட்டருக்கு அரைமீட்டர் கூட, ஆக மீடியம் வேவ் வரிசையில் அந்த இடம் எங்கே விழுகிறது என்று பார்த்தாலே உங்கள் வரைபடம் இழுபட்டிருக்கிறதா என்று தெரியும்.

புதுக் கண்ணாடியில் அச்சடிப்பதானால் இப்போது மொபைல் கவர், அக்ரிலிக் போர்டு அடிக்கிற யூவி பிரிண்டர் கடைகளே போதும். அவர்களிடம் வெள்ளை மையும் உண்டு. படத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாற்றிக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் அச்சு பின்பக்கம் விழப்போகிறது. கண்ணாடிக்கு முதலில் ப்ரைமர் பூசச் சொல்லுங்கள், பூசாவிட்டால் நகம் பட்டாலே உரிந்துவிடும். பழைய கண்ணாடியைத் தூக்கிப் போடாமல் துணியில் சுற்றி ரேடியோ பெட்டிக்குள்ளேயே வையுங்கள். இன்னொன்று, டயலில் ‘சிலோன்’, ‘மெட்ராஸ்’ என்று இருந்தால் அப்படியே இருக்கட்டும். அதைத் திருத்துவது நம் வேலை இல்லை.

காகிதப் படம் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள், பல செட்டுகளில் அதுதான் எந்த வால்வு (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்) எந்தக் குழியில் என்று சொல்லும். அந்தக் கால ஐந்து வால்வு செட்டில் ஈஎல்84 ஒலிக்கு, ஈஇஸட்80 மின்சாரத்தை நேராக்குவதற்கு. இரண்டுக்கும் ஒரே மாதிரி ஒன்பது கால், ஒன்றின் குழியில் இன்னொன்று அழகாக உட்காரும். சுத்தம் செய்யக் கழற்றிவிட்டு மாற்றிச் செருகினால் அவ்வளவுதான். அதனால் இப்போது உள்ளே இருக்கிறபடியே ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஆனால் இதற்கு முன்னால் யாராவது மாற்றிச் செருகியிருக்கவும் கூடும், ஆகவே அந்த மாடலின் சர்க்யூட் படத்தோடு ஒருமுறை ஒப்பிட்ட பிறகு அச்சடியுங்கள்.

டிகாக்‌ஷன் வேண்டவே வேண்டாம். சேர்வராயன் காபியைக் குடிக்கலாம், காகிதத்துக்கு ஊட்டக்கூடாது. நனைந்த காகிதம் அலைஅலையாகக் காயும், அந்தக் கறையில் உங்கள் ஊர் ஈரத்துக்கு ஒரு மழைக்காலத்திலேயே பூஞ்சணம் பூக்கும். பழுப்பு நிறம் வேண்டுமென்றால் அந்த நிறத்தையே பின்னணியாகச் சேர்த்து அச்சடிக்கச் சொல்லுங்கள். பசை விஷயத்தில், பைண்டிங் கடையில் மைதா காய்ச்சி மயில்துத்தம் போட்டுத் தருவார்கள், பூச்சி வராது. புதுக் காகிதத்துக்கு அது பரவாயில்லை. பழைய காகிதத்தில் மிச்சம் ஏதாவது இருந்தால் அதற்கு வேண்டாம், மயில்துத்தம் நாளாவட்டத்தில் காகிதத்தையே நொறுங்க வைக்கும்.

கேள்வி: மைக்செட் தொழில். அப்பா வாங்கிய ஆம்ப்ளிஃபயர்களில் முன்பக்கக் கறுப்புத் தகட்டில் வெள்ளை எழுத்து முழுக்கத் தேய்ந்துவிட்டது. வண்டி நம்பர் ஸ்டிக்கர் வெட்டும் கடையில் கேட்டால் எழுத்து சின்னது, வராது என்கிறார்கள். வேறு வழி சொல்லுங்கண்ணா.
— சவுண்ட் சர்வீஸ்காரர், கொண்டலாம்பட்டி

பதில்: ஸ்டிக்கர் கடைக்காரர் சொல்வது சரி தம்பி. நாலைந்து மில்லிமீட்டருக்குக் கீழே போனால் வெட்டிய எழுத்து உரிக்கும்போதே கையோடு வந்துவிடும். ஆனால் முன்பக்கம் இருக்கட்டும், செட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தீர்களா? வாடகைக்குப் போகிற ஆம்ப்ளிஃபயரில் எழுத்து முதலில் வேண்டிய இடம் அதுதான். ஸ்பீக்கர் டெர்மினலில் காமன், 4 ஓம், 8 ஓம், 16 ஓம், 70 வோல்ட், 100 வோல்ட் என்று வரிசையாக இருக்கும். திருவிழா அவசரத்தில் லைன் ட்ரான்ஸ்ஃபார்மர் (100 வோல்ட்டை ஸ்பீக்கருக்கு ஏற்றபடி குறைப்பது) இல்லாத குழாய் ஸ்பீக்கரை ஒரு பையன் 100 வோல்ட்டில் மாட்டினால் யூனிட் அங்கேயே புகைந்துவிடும். வால்யூம் பட்டனில் எழுத்து இல்லாவிட்டால் திருகிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம், இதை அப்படிச் செய்ய முடியாது.

பின்பக்க எழுத்தும் போய்விட்டிருந்தால் அளந்து கண்டுபிடிக்கலாம். 8 ஓம் என்று சந்தேகப்படுகிற இடத்தில் தகுந்த லோடு, அதாவது 8 ஓம் ஸ்பீக்கரோ ரெசிஸ்டரோ மாட்டி (வால்வு செட்டானால் லோடு இல்லாமல் ஓட்டவே கூடாது), குறைந்த வால்யூமில் ஒரே சீரான டோன் கொடுத்து, காமனிலிருந்து ஒவ்வொரு முனைக்கும் ஏசி வோல்ட் பாருங்கள். 4 ஓம் முனையில் வருவதைப் போல 1.4 மடங்கு வருவது 8 ஓம், இரண்டு மடங்கு வருவது 16 ஓம். 30 வாட் செட் முழு வேகத்தில் போனால் இந்த மூன்றும் ஏறக்குறைய 11, 15.5, 22 வோல்ட். 100 வோல்ட் முனை தனியாக எங்கேயோ உயரத்தில் நிற்கும், தவற விடவே முடியாது. கண்டுபிடித்ததை உடனே எழுதி ஒட்டுங்கள், அழகெல்லாம் அப்புறம்.

இனி முன்பக்கம். வீட்டு பிரிண்டர், ஜெராக்ஸ் கடை பிரிண்டர் எதிலும் வெள்ளை மை கிடையாது. வெள்ளி நிறத் தகட்டில் கறுப்பு எழுத்தாக இருந்தால் தண்ணீரில் ஊறவைத்து வழுக்கி ஒட்டும் டீகால் காகிதத்தில் லேசர் பிரிண்ட் எடுத்து வேலையை முடித்துவிடலாம். கறுப்பில் வெள்ளை வேண்டுமென்றால் இரண்டே வழி. ஒன்று மேலே சொன்ன யூவி பிரிண்ட். இன்னொன்று, கம்பெனிக்காரன் முதலில் செய்தானே, அதே ஸ்க்ரீன் பிரிண்டிங். என் ஓட்டு இரண்டாவதுக்கு. யூவி மை தகட்டின்மேல் லேசாகத் தடித்து நிற்கும், பக்கவாட்டில் பார்த்தால் புதுசு என்று காட்டிக்கொடுக்கும். ஸ்க்ரீனில் விழுகிற மை மெல்லிசாக, பழைய செட்டில் இருக்கிற மாதிரியே படியும்.

சேலத்தில் கல்யாணப் பத்திரிகை, துணிப்பை அடிக்கும் ஸ்க்ரீன் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே போய் மூன்று விஷயம் சொல்லுங்கள். காகிதத்துக்குப் போடும் மை வேண்டாம், ஹார்ட்னர் கலந்து அடிக்கிற எபாக்ஸி மை வேண்டும். துணிக்குப் போடும் பெரிய கண் வலை வேண்டாம், 300 மெஷ் அளவில் நெருக்கமான வலை வேண்டும், இல்லாவிட்டால் ‘மைக் 1’ என்பதில் 1 தெரியும், மைக் தெரியாது. மூன்றாவது, நேராகத் தகட்டில் அடித்துவிடக்கூடாது. மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் தகட்டின்மேல் ஒட்டி அதில் ஒருமுறை அடித்து, எழுத்து ஒவ்வொன்றும் பட்டன் துளைகளுக்கு நேராக உட்காருகிறதா என்று பார்த்துவிட்டுத் தாளை எடுத்துவிட்டு அடிக்க வேண்டும். கோணலாகப் போனால் தின்னரால் துடைத்துக்கொள்ளலாம் என்பார்கள். உங்கள் தகட்டில் இருக்கிற கறுப்பு சாதாரணப் பெயின்டாக இருந்தால் தின்னர் அதையும் சேர்த்து வழித்துக்கொண்டு போகும், அதனால்தான் தாளில் ஒத்திகை.

எல்லா செட்டுக்கும் இதைச் செய்யாதீர்கள். மழையிலும் வெயிலிலும் வேனில் குலுங்கிப் போகிற செட்டுக்கு டேப் ஒட்டி மார்க்கரில் எழுதினால் போதும். அப்பா முதலில் வாங்கியது எதுவோ அதற்கு மட்டும் இந்தப் பாடு.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த பழைய டர்ன்டேபிள். வேகம் சரியா என்று பார்க்கத் தட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த கோடு போட்ட ஸ்ட்ரோப் வளையம் கிழிந்துவிட்டதால் அதே மாடலுக்கான வளையத்தை இன்டர்நெட்டில் எடுத்து பிரிண்ட் போட்டு ஒட்டினேன். நியான் விளக்கில் கோடுகள் அசையாமல் நிற்கின்றன, ஆனால் பி. சுசீலா பாட்டு ஆண் குரல் போல இழுக்கிறது. பெல்ட் மாற்றியும் பலனில்லை. ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டுத்தான் ஓட்டுகிறேன்.
— கல்லூரி மாணவர், ஃபேர்லேண்ட்ஸ்

பதில்: பிரமாதமான கேள்வி தம்பி. நீங்கள் ஒட்டிய வளையத்தில் கோடுகளை எண்ணிப் பாருங்கள், 216 இருக்கும். அது அமெரிக்க மின்சாரத்துக்கான வளையம்.

நியான் விளக்கு கரன்ட்டின் ஒவ்வோர் அரைச் சுற்றுக்கும் ஒருமுறை மின்னும். நம் 50 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 50 சுற்றில், நொடிக்கு 100 மின்னல், நிமிடத்துக்கு 6,000. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்றுகிறது என்றால் 6,000-ஐ அதனால் வகுக்க 180 வரும். ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் இடையில் ஒரு கோடு சரியாக அடுத்த கோட்டின் இடத்துக்கு நகர்ந்துவிடுவதால் நம் கண்ணுக்கு அசையாதது போலத் தெரிகிறது. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், அங்கே அதே கணக்கு 216. நம் ஊர் விளக்கில் 216 கோடு அசையாமல் நிற்கிறது என்றால் தட்டு நிமிடத்துக்கு 27.8 சுற்றுதான் சுற்றுகிறது.

அது ஏன் அவ்வளவு கச்சிதமாக நிற்கிறது? உங்கள் மோட்டார் கரன்ட்டின் ஹெர்ட்ஸைப் பார்த்து ஓடுகிற ரகம், அதன் தலையில் இருக்கும் புல்லி 60 ஹெர்ட்ஸுக்குக் கடைந்தது. 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் வேகம் ஆறில் ஐந்து பங்காகிவிடும், 33⅓-ல் ஆறில் ஐந்து பங்கு அதே 27.8. ட்ரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸைத் தொடாது. ஆக மோட்டாரும் தப்பு, வளையமும் அதே அளவுக்குத் தப்பு, இரண்டும் கூட்டுச் சேர்ந்துகொண்டு எல்லாம் சரி என்று சாதிக்கின்றன. பாட்டு மட்டும் மூன்று ஸ்வரஸ்தானம் இறங்கிக் கேட்கும், சுசீலாம்மா குரல் அப்படி ஆனது இதனால்தான்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், தட்டின் ஓரத்தில் துண்டுக் காகிதம் ஒட்டி மூன்று நிமிடம் எண்ணுங்கள். சரியான வேகமானால் 100 சுற்று வரும், உங்களுக்கு 83 வரும். அந்த மாடலுக்கு 50 ஹெர்ட்ஸ் புல்லி கிடைக்கிறதா என்று தேடுங்கள். கிடைக்காவிட்டால் பழைய புல்லியை அளவாகக் கொடுத்து லேத் பட்டறையில் ஆறில் ஒரு பங்கு இல்லை, ஐந்தில் ஒரு பங்கு விட்டம் கூடுதலாக, அதாவது 1.2 மடங்காகக் கடையச் சொல்லுங்கள். 45 வேகத்துக்குத் தனிப் படி இருந்தால் அதற்கும் அதே 1.2.

வளையத்தை நீங்களே வரையலாம். 33⅓-க்கு 180 கோடு, கோட்டுக்குக் கோடு சரியாக 2 டிகிரி. 45-க்கு 133, 78-க்கு 77, இவை இரண்டும் முழு எண்ணாக வராததால் மயிரிழை வித்தியாசம் இருக்கும், காதுக்குத் தெரியாது. நீளமான பட்டையாக ஒட்டுகிற ரகமானால் இரண்டு முனையும் சேருகிற இடத்தில் இடைவெளி மாறக்கூடாது, மாறினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துள்ளல் தெரியும். பார்க்கும் விளக்கும் முக்கியம்: நியான், அல்லது பழைய சோக் போட்ட டியூப்லைட். நல்ல எல்இடி பல்ப் அப்படி மின்னாது, அதன் கீழே எந்த வளையமும் வெறும் சாம்பல் பட்டைதான்.

கேள்வி: கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். தாத்தாவின் வால்வு ஆம்ப்ளிஃபயர் முகப்பில் இருந்த பித்தளைப் பெயர்த்தகடு தொலைந்துவிட்டது, பழைய போட்டோவில் தெரிகிறது. பட்டறையிலேயே செய்துவிடலாமா? அலுமினியத் தகடு சும்மா கிடக்கிறது, அதில் செய்தால் என்ன?
— செவ்வாய்ப்பேட்டை வாசகர்

பதில்: உங்களைப் போல மெருகும் முலாமும் தெரிந்தவர்கள் கேட்பது சந்தோஷம்ங்க. அலுமினியத்தை அப்படியே வையுங்கள். பித்தளையை அரிக்கப் பயன்படுத்தும் ஃபெரிக் குளோரைடில் அலுமினியத்தைப் போட்டால் கொதித்துப் பொங்கும், கையும் போகும் தகடும் போகும்.

போட்டோவை எந்த அளவுக்குப் பெரிதாக்குவது என்பதுதான் முதல் சிக்கல், அதற்கு விடை செட்டிலேயே இருக்கிறது. தகட்டைப் பிடித்திருந்த இரண்டு திருகாணித் துளைகள் முகப்பில் அப்படியே இருக்கும். அவற்றுக்கு நடுவில் வெர்னியர் வைத்து அளந்து, போட்டோவிலும் அந்தத் துளைகள் அதே தூரத்தில் வருகிற மாதிரி பெரிதாக்கினால் எழுத்தின் உயரம் தானாகச் சரியாக வரும். தகடு இருந்த இடத்தில் பெயின்ட் நிறம் மங்காமல் ஒரு சட்டம் தெரியும், ஓரத்துக்கு அது கணக்கு. பிறகு போட்டோவில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள், எழுத்து குழிந்திருந்ததா, மேடாக இருந்ததா என்று சொல்லிவிடும். மேடு என்றால் எழுத்தை மூடி மற்றதை அரிக்க வேண்டும், குழி என்றால் நேர்மாறு.

முக்கால் மில்லிமீட்டர் பித்தளைத் தகட்டை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் தேய்த்து, பளபளப்பான காகிதத்தில் இடவலம் மாற்றி எடுத்த லேசர் பிரிண்டை (ஜெராக்ஸ் டோனர்தான் வேண்டும், இங்க்ஜெட் உதவாது) கவிழ்த்து வைத்து நல்ல சூட்டில் இஸ்திரி போடுங்கள். தண்ணீரில் ஊறவைத்துக் காகிதத்தை விரலால் உருட்டி எடுத்தால் டோனர் மட்டும் தகட்டில் நிற்கும். விட்டுப்போன இடத்தைப் பெர்மனென்ட் மார்க்கரால் அடைத்து, பின்பக்கத்தையும் டேப் ஒட்டி மூடி, ஃபெரிக் குளோரைடில் முகத்தைக் கீழே பார்க்கத் தொங்கவிடுங்கள். முகம் மேலே இருந்தால் அரித்த கசடு அதன்மேலேயே படிந்து வேலை நின்றுவிடும். வெதுவெதுப்பான கரைசலில் அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் நகத்துக்குத் தட்டுப்படும் ஆழம் வரும். பிளாஸ்டிக் டப்பா, கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மூன்றும் கட்டாயம். இதை வெள்ளி வேலை நடக்கிற மேஜைப் பக்கம் கொண்டுவராதீர்கள், தெறித்தால் கொலுசு கறுக்கும். வேலை முடிந்ததும் சாக்கடையில் ஊற்றவும் கூடாது, அதில் செம்பு கரைந்திருக்கிறது.

குழியில் கறுப்பு எனாமலை நிறைத்து, நன்றாகக் காய்ந்தபிறகு மரக்கட்டையில் சுற்றிய 600 நம்பர் வாட்டர் பேப்பரால் ஒரே திசையில் தேய்த்தால் மேலே பித்தளை வெளிச்சமாகும், எழுத்து கறுப்பாக நிற்கும். கையில் பஃபிங் வீல் இருக்கிறதே என்று அதில் கொடுத்துவிடாதீர்கள், எழுத்தின் ஓரமெல்லாம் மொழுக்கென்று ஆகிவிடும். பாத்திரக்கடையில் டுர்ர்ர் என்று பேர் வெட்டுகிற மெஷினும் வேண்டாம், தாத்தா செட் கல்யாணச் சீர் மாதிரி ஆகிவிடும். கடைசியில் மெல்லிய லாக்கர் ஒரு பூச்சு. சீரியல் நம்பர் போட்டோவில் படிக்க முடியவில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள், தோன்றிய நம்பரைப் போட வேண்டாம்.

கேள்வி: ஜப்பான் ஆம்ப்ளிஃபயர் ஒன்று பழைய சாமான் கடையில் வாங்கினேன். பின்பக்கம் வோல்ட், ஃப்யூஸ் எழுதிய லேபிள் சுரண்டப்பட்டிருக்கிறது. இதே மாடலுக்கு இன்டர்நெட்டில் கிடைக்கும் லேபிளை அடித்து ஒட்டிவிடலாமா?
— ஹஸ்தம்பட்டி வாசகர்

பதில்: ஒட்டாதீர்கள் சார், பிளக்கையும் செருகாதீர்கள். ஒரே மாடலை ஜப்பானுக்கு 100 வோல்ட்டிலும் அமெரிக்காவுக்கு 120-லும் மற்ற நாடுகளுக்கு 220, 240-லும் செய்து விற்றார்கள், முகப்பில் வித்தியாசமே தெரியாது. 100 வோல்ட் செட்டில் ‘220’ லேபிளை நீங்கள் ஒட்டிவைத்தால், நாளைக்கு அதை நம்பி ஒருவர் நேராகச் செருகுவார். முதலில் மெக்கானிக்கிடம் கொடுத்து ட்ரான்ஸ்ஃபார்மர் எதற்குச் சுற்றியது என்று உறுதி செய்யுங்கள். உள்ளே ட்ரான்ஸ்ஃபார்மர்மேலேயே அச்சடித்திருப்பதும் உண்டு. ஃப்யூஸும் அதோடு மாறும்: அதே வாட்டுக்கு 120 வோல்ட்டில் 4 ஆம்பியர் என்றால் 230-ல் சுமார் 2 ஆம்பியர். வெளிநாட்டு லேபிளைப் பார்த்து 4 போட்டுவிட்டால் எரிய வேண்டிய ஃப்யூஸ் எரியாது, வேறு ஏதாவது எரியும். உறுதியான பிறகு அழகுக்கு ஆசைப்படாமல் தெளிவாக ஒரு லேபிள் செய்து, கீழே சின்னதாக ‘புது லேபிள்’ என்று வருடத்தோடு போடுங்கள்.

கேள்வி: பெட்டி கிராமபோன் மூடியில் இருந்த ஹெச்எம்வி நாய்ப்படம் பாதி அழிந்திருக்கிறது. புதிதாக ஒட்டினால் விலை கூடுமா?
— அழகாபுரம் வாசகர்

பதில்: தெரிந்து வாங்குபவரிடம் குறையும், தெரியாதவரிடம் கூடும், அதனால்தான் ஒட்ட வேண்டாம் என்கிறேன். அந்த நிப்பர் நாய்ப்படத்துக்கே ஒட்டுவேலைக் கதை உண்டு. ஃபிரான்சிஸ் பராட் முதலில் வரைந்தபோது நாய்க்கு முன்னால் இருந்தது உருளை வைத்துப் பாடும் ஃபோனோகிராஃப். 1899-ல் கிராமபோன் கம்பெனி வாங்கியபோது அதன்மேல் கிராமபோனை வரைய வைத்தார்கள். இன்றைக்குச் சந்தையில் பளபள பித்தளைக் குழலோடு புத்தம்புது நாய்ப்படம் ஒட்டி ‘நூறு வருஷத்துப் பீஸ்’ என்று தள்ளிவிடுகிற பெட்டிகள் ஏராளம், உங்கள் நிஜப் பெட்டியில் புதுப்படம் ஏறினால் அதையும் அந்தக் கூட்டத்தில்தான் சேர்ப்பார்கள். பாதி நாயானாலும் அது அசல் நாய். வீட்டில் வைத்துக்கொள்ளத்தான் என்றால் ஒட்டுங்கள், மஞ்சள் மையில் அச்சடித்தது வேண்டாம், உலோகத் தூள் கலந்த தங்க நிறமே வேண்டும், உள்ளே ஓரிடத்தில் எப்போது ஒட்டியது என்று எழுதிவையுங்கள். புதுப்படத்தை அசல் என்று சொல்லி விற்றால் 1999-ம் வருட வணிகச்சின்னச் சட்டம் குறுக்கே வரும்.

சுருக்கமாகச் சில

*பழைய முகப்பு எழுத்துக்கு என்ன ஃபான்ட்?* (அம்மாப்பேட்டை) — 1952-ல் வந்த மைக்ரோகிராமா, 1957-ல் வந்த ஹெல்வெடிகா, யூனிவர்ஸ், 1962-ல் வந்த யூரோஸ்டைல், இவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள், நிறைய செட்டுகள் இதில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் ஃபான்ட் தேடி அலைய வேண்டாம். கையால் வரைந்ததாக இருக்கலாம், ஸ்கேன் மேலேயே எழுத்தெழுத்தாக வரைந்துவிடுங்கள். மேடான எழுத்து என்றால் மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து எடுத்துக்கொள்ளலாம். ஏனென்றால் மெலிசான புது ரக ஸ்கேனர்கள் பல, தங்கள் கண்ணாடியை ஒட்டியிருப்பதை மட்டும்தான் தெளிவாகப் பார்க்கும்.

*வால்வு மேல் நம்பர் அழிந்துவிட்டது.* (சூரமங்கலம்) — துடைக்காமல் வாயால் ஆவி ஊதிப் பாருங்கள், அல்லது கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள். பனி படியும்போது நம்பர் சில நொடி தெரியும், உடனே எழுதிக்கொள்ளுங்கள். வால்வு மேலேயே எழுத வேண்டாம், அட்டைப்பெட்டியில் எழுதினால் போதும்.

*அலுமினிய முகப்பில் அழுக்கு, அடுப்பு கழுவும் திரவம் போடலாமா?* (குகை) — கூடாது. அதில் காரம் இருக்கும், மேலே இருக்கிற அனோடைஸ் பூச்சையே தின்றுவிடும், எழுத்தும் கூடவே போகும். பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், பஞ்சு. எழுத்தின்மேல் ஸ்பிரிட் வேண்டாம்.

*பேக்கலைட் பட்டன்களில் வெட்டிய கோட்டில் வெள்ளை போய்விட்டது.* (ஐந்து ரோடு) — இதற்குக் கடைக்கே போக வேண்டாம். கோட்டுக்குள் இருக்கும் அழுக்கைப் பல்குத்தும் குச்சியால் எடுத்து, வெள்ளை எனாமலைத் தாராளமாகப் பூசி, ஈரமாக இருக்கும்போதே பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தால் வழித்துவிடுங்கள். ஒருநாள் காயட்டும். சுத்த வெள்ளை கண்ணை உறுத்தும், ஒரு துளி மஞ்சள் கலந்துகொண்டால் மற்ற பட்டன்களோடு சேர்ந்துவிடும்.